பசுமைத் தொழில்நுட்பத்துக்கு அரசு மானியம்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

சிங்கப்பூரில் மானியத்தை முன்பணம் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். பெரும்பாலான மானியங்களில் முதலில் உங்கள் காசு போகும். வேலை முடிந்து கணக்கைத் தணிக்கை செய்த பிறகுதான் பணம் திரும்பி வரும். விண்ணப்பிக்கும் முன்பே விற்பனையாளரிடம் ஒப்பந்தம் போட்டாலோ, வைப்புத்தொகை கட்டினாலோ, வேலையைத் தொடங்கினாலோ அந்தச் செலவு அடிபட்டுப்போகும். நல்ல இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

முதலில் பங்குதாரர் பட்டியலைப் பாருங்கள். தொழில்களுக்கு உதவும் அரசு அமைப்பான எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் முக்கிய மானியங்களுக்கு, குறைந்தது 30% பங்கு சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி கையில் இருக்கவேண்டும். எம்ப்ளாய்மெண்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருப்பவரின் பங்கு இதில் சேராது. சென்னையில் இருக்கும் கூட்டாளிக்கு 75% எழுதிக் கொடுத்திருந்தால் கதை அத்தோடு முடிந்தது. நடுவில் ஒரு நிறுவனத்தை வைத்தாலும் பயனில்லை. கடைசியில் எந்தத் தனிமனிதரின் கையில் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கும்போதும் இந்த 30% நினைவில் இருக்கட்டும்.

அடுத்து, எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்? முதன்முறையாகத் தொழில் தொடங்குபவர் ஸ்டார்ட்அப் எஸ்ஜி ஃபவுண்டர் பக்கம் போகலாம். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி அமைப்பு ஒன்றின் மூலம்தான் போகமுடியும். நீங்கள் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டால் 50,000 வெள்ளி மானியம். சொந்தத் தொழில்நுட்பம் இருந்து, நிறுவனம் தொடங்கி ஐந்து ஆண்டு ஆகாவிட்டால் ஸ்டார்ட்அப் எஸ்ஜி டெக்: கருத்து வேலை செய்யும் என்று நிரூபிக்க 400,000 வெள்ளி வரை, அதைச் சந்தைக்கேற்ற பொருளாக்கிக் காட்ட 800,000 வெள்ளி வரை. ஓரளவு நிலைபெற்ற நிறுவனத்துக்கு எண்டர்பிரைஸ் டெவலப்மெண்ட் கிராண்ட். சிறிய, நடுத்தர நிறுவனமானால் தகுதிபெறும் செலவில் 50% வரை கிடைக்கும். விகிதங்கள் வரவுசெலவுத் திட்டத்தோடு மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

கையில் எவ்வளவு ரொக்கம் வேண்டும்? 120,000 வெள்ளி திட்டம் என்று வைத்துக்கொள்வோம். 9% பொருள் சேவை வரி சேர்த்து 130,800 வெள்ளியை முதலில் கட்டவேண்டும். 50% மானியம் என்றால் பின்னால் வருவது அதிகபட்சம் 60,000. வரிக்கு மானியம் இல்லை. இடைப்பட்ட மாதங்களில் சம்பளமும் வாடகையும் நிற்காது. இந்த இடைவெளியை எப்படி நிரப்புவீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே காட்டுங்கள்.

விண்ணப்பம் பிசினஸ் கிராண்ட்ஸ் போர்ட்டல் என்ற அரசு இணையத்தளத்தில். நிறுவனத்தின் சார்பில் செயல்பட உங்கள் பெயருக்கு கார்ப்பாஸ் அனுமதி இருக்கவேண்டும். அது இல்லாமல் உங்கள் தனிப்பட்ட அடையாளமான சிங்பாஸ் போட்டு உள்ளே போனால் நிறுவனத்தின் பக்கம் திறக்காது. நிறுவன விவரப் பதிவு, நிதிநிலை அறிக்கை, விலைக்குறிப்புகள், திட்ட விளக்கம் எல்லாம் தயாராக இருக்கட்டும். விலைக்குறிப்பு மச்சான் கம்பெனியிலிருந்து வந்தால் அந்தச் செலவு நிற்காது. “மானியம் வாங்கித் தருகிறேன், கிடைத்ததில் இத்தனை சதவீதம் கொடு” என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் தொழில்நுட்பத்தைப் பற்றி அதிகாரி கேட்கும் முதல் கேள்விக்கே அவரிடம் பதில் இருக்காது.

விண்ணப்பம் தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் எண்களில்தான். உணவுக் கழிவை உலர்த்தும் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். பெரிய வணிக, தொழில் கட்டடங்களில் உணவுக் கழிவைத் தனியாகப் பிரித்துப் பதப்படுத்துவதற்கு விதிகள் இருப்பதால் இதற்குத் தேவை உண்டு. “எடையை 75% குறைக்கிறது” என்று எழுதினால் மதிப்பீட்டாளர் அசரமாட்டார்: உணவுக் கழிவில் ஏறத்தாழ முக்கால்வாசி தண்ணீர்தான், அதை ஆவியாக்கியிருக்கிறீர்கள், அவ்வளவே. 50 கிலோ கழிவில் 37.5 கிலோ தண்ணீர். ஒரு கிலோவை ஆவியாக்கக் குறைந்தது 0.63 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். மொத்தம் சுமார் 23.6 கிலோவாட் மணி. வெப்பத்தை மீட்டுப் பயன்படுத்தும் ஏற்பாடு இல்லாமல் “10 கிலோவாட் மணி போதும்” என்று எழுதினால் நம்பிக்கை அங்கேயே போய்விடும். உள்ளே போன எடை, வெளியே வந்த எடை, அதன் ஈரப்பதம், ஒரு கிலோவுக்கு ஆன மின்சாரம் ஆகிய நான்கையும் அளந்து எழுதுங்கள்.

கழிவைக் கரைத்துச் சாக்கடையில் விடும் வகையானால் இன்னொரு கண்டம் இருக்கிறது. பொதுச் சாக்கடையில் விடும் தொழிற்கழிவுநீருக்குப் பொதுப் பயனீட்டுக் கழகம் வைத்திருக்கும் வரம்பு, பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 400 மில்லிகிராம், நீரில் கலந்து மிதக்கும் திடத்துகள் 400 மில்லிகிராம். கரைத்த சோறும் எண்ணெயும் சுத்திகரிக்காமல் அதற்குள் அடங்காது. ஆய்வகச் சோதனைச் செலவைத் திட்டத்தில் இப்போதே சேர்த்துவிடுங்கள். ஒப்புதல் வந்தபின் புதுச் செலவைச் சேர்ப்பது பெரும்பாடு.

ஒப்புதல் கடிதம் வந்ததும் அதிலுள்ள தொடக்க, முடிவுத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியல், பணம் கட்டிய வங்கி அறிக்கை, யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்ற பதிவு, மூன்றும் அந்தத் தேதிகளுக்குள் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். ரொக்கமாகக் கொடுத்ததைத் தணிக்கையாளரிடம் நிரூபிக்கத் திணறுவீர்கள். விற்பனையாளரையோ இயந்திரத்தின் வகையையோ மாற்றவேண்டி வந்தால், மாற்றும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

மானியம் ஏற்காத ஆய்வுச் செலவுக்கு எண்டர்பிரைஸ் இன்னொவேஷன் ஸ்கீம் என்ற வரிச் சலுகை இருக்கிறது: 2024 முதல் 2028 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளில், சிங்கப்பூரில் செய்யும் ஆய்வுக்கு முதல் 400,000 வெள்ளி வரை 400% வரிக் கழிவு, அதாவது செலவின் நான்கு மடங்கை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். இன்னும் லாபம் பார்க்காத நிறுவனம் அதற்குப் பதிலாக 100,000 வெள்ளி வரையிலான செலவில் 20% ரொக்கமாக, அதாவது 20,000 வெள்ளி வரை கேட்கலாம். அதற்கு, மாதம் 1,400 வெள்ளியாவது சம்பளம் பெறும் உள்ளூர் முழுநேர ஊழியர் மூவர் ஆறு மாதமாவது வேலையில் இருந்திருக்கவேண்டும். மானியம் ஏற்ற பகுதியைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் இதில் காட்டுங்கள்.