எலும்புக்குக் கீரையும் கேழ்வரகும் தெம்பேயும்: சத்து உடம்பில் சேரும்படி சமைப்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் எலும்புக்கு வேண்டியது எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் சாவி என்னும் கடுகுக்கீரையும், சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும் தெம்பேயும், மளிகைக்கடையில் முழுக் கேழ்வரகும் வாங்கலாம். ஆனால் தாவரங்கள் கால்சியத்தைத் தரும்போதே அதை இறுக்கிப் பிடிக்கும் பொருள்களையும் கூடவே தருகின்றன. கீரையில் ஆக்சலேட், தானியத்திலும் சோயாவிலும் பைட்டேட். அந்தப் பிடியைத் தளர்த்தினால்தான் கால்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகும். அதற்கான வேலை அடுப்படியில்தான் நடக்க வேண்டும்.

மலேசியாவின் சத்துணவுப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. 50 வயதைக் கடந்த பெண்களுக்கு 1200. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால் எலும்பு கரையும் வேகம் கூடுகிறது. வீட்டில் அம்மாவோ அத்தையோ அந்த வயதில் இருந்தால் இதை இன்றே தொடங்குங்கள்.

படி 1: கீரையைத் தேர்ந்தெடுத்தல்

தண்டுக்கீரை, பசலை இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். பசலைக்கீரையில் உள்ள கால்சியத்தில் 5 விழுக்காடு அளவே உடம்பில் சேர்கிறது. பாலில் இது 30 விழுக்காட்டைத் தாண்டும். சாவி, பக் சோய், கைலான் ஆகிய சீனக் கீரை வகைகளில் ஆக்சலேட் குறைவு என்பதால் அவற்றின் கால்சியம் பாலுக்கு நிகராக, சிலவற்றில் அதைவிடவும் நன்றாகவே சேரும். எலும்புக்கென்று வாங்கினால் இவற்றை வாங்குங்கள். ஒருவருக்கு 200 கிராம். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் வதக்கினால் போதும். எண்ணெயை அறவே விட்டுவிடாதீர்கள். கீரையின் வைட்டமின் கே கொழுப்பில்தான் கரையும். கால்சியத்தை எலும்பில் பிணைக்கும் புரதம் வேலை செய்ய அந்த வைட்டமின் வேண்டும்.

தண்டுக்கீரையைக் கைவிடச் சொல்லவில்லை, அதில் வேறு சத்துகள் உண்டு. நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கீரையை மூன்று நிமிடம் போட்டு எடுத்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கரையும் ஆக்சலேட்டில் ஒரு பகுதி அதோடு போய்விடும். அந்தத் தண்ணீரை ரசத்தில் சேர்க்கும் வழக்கம் இருந்தால், சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டிலாவது நிறுத்துங்கள்.

படி 2: கேழ்வரகை முளைகட்டுதல்

100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பைட்டேட்டும் இருக்கிறது. தானியம் முளைக்கும்போது அதற்குள்ளேயே பைட்டேஸ் என்னும் நொதி விழித்துக்கொண்டு பைட்டேட்டைச் சிதைக்கும். கடையில் விற்கும் சாதாரண மாவில் இது நடந்திருக்காது; அதனால் முழுத் தானியமாக வாங்குங்கள்.

அரை கிலோவை நான்கைந்து தண்ணீரில் கழுவி, கல் அரித்து, 12 மணி நேரம் ஊறவையுங்கள். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுவது கட்டாயம், நம் ஊர் வெக்கையில் ஆறேழு மணி நேரத்திலேயே தண்ணீர் புளிக்கத் தொடங்கும். பிறகு வடிதட்டில் கொட்டி, சொட்டு நின்றதும் ஈரப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி, வடிதட்டிலேயே வையுங்கள். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்து, அலசி, வடித்து மறுபடி கட்டுங்கள். 24 முதல் 36 மணி நேரத்தில் அரை சென்டிமீட்டர் முளை வரும்.

இங்கே பலர் பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். முளையைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போலத் தெரிவது வேர்த்தூவியாக, அதாவது வேரின் மெல்லிய இழைகளாக இருக்கலாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: வேர்த்தூவி உடனே படிந்து மறையும், பூஞ்சை நூலாம்படை போல ஒட்டிக்கொண்டே நிற்கும். சாம்பல், பச்சை நிறமோ புளித்த வாடையோ இருந்தால் கெட்டுப்போய்விட்டது. முழுவதையும் எறியுங்கள், கழுவிக் காப்பாற்ற முடியாது.

மதியத்துக்குமேல் மழை வரும் ஊர்களில் காலை எட்டு மணிக்கே மெல்லியதாகப் பரப்பி வெயிலில் வையுங்கள். முழுக்கக் காயாவிட்டால் 60 பாகை செல்சியஸ் சூட்டில் மின்னடுப்பில் (oven) வைத்து எடுக்கலாம். கடித்தால் நொறுங்க வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, மாவு கட்டிவிடும். காய்ந்ததைச் சிறு தீயில் மணம் வரும்வரை வறுத்து அரையுங்கள்.

கஞ்சிக்கு 50 கிராம் மாவை முதலில் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, 400 மில்லி வரை தண்ணீர் சேர்த்து, எட்டு நிமிடம் கிண்டுங்கள். சாதாரண மாவைவிடக் கஞ்சி நீர்த்தே வரும். முளைப்பில் உண்டான நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதே காரணம், மாவு கெட்டுப்போகவில்லை.

படி 3: சோயா

சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற அமைப்பு கொண்டவை. எலும்புச் செல்களின் ஏற்பிகளில் மெலிதாக ஒட்டும். எலும்புத் தேய்மானத்தை இவை எவ்வளவு தடுக்கின்றன என்பதில் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஆகவே மாத்திரைக்குப் பணம் செலவழிக்காமல் உணவாகவே சாப்பிடுங்கள். தெம்பேயில் நொதித்தல் நடப்பதால் பைட்டேட்டும் குறைந்திருக்கும். 100 கிராம் தெம்பேயை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, பத்து நிமிடம் ஆவியில் வைத்து, சம்பால் என்னும் மிளகாய் விழுதில் புரட்டுங்கள். தண்ணீரில் அவித்து அதைக் கொட்டாதீர்கள், ஐசோஃபிளேவோனும் சேர்ந்து போய்விடும். கருப்புப் புள்ளிகள் பரவாயில்லை. வழுவழுப்பும் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியும் இருந்தால் வேண்டாம்.

தௌஹு (டோஃபு) வாங்கும்போது பொட்டலத்தில் 'கல்சியம் சல்ஃபாட்' (கால்சியம் சல்ஃபேட்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உறையவைத்த கெட்டித் தௌஹுவில் கால்சியம் நிறைய இருக்கும். குழாய் வடிவில் வரும் முட்டைத் தௌஹுவில் அவ்வளவு இராது. கால்சியம் சேர்க்காத சோயா பாலும் பசும்பாலுக்கு ஈடாகாது.

சாவி, கஞ்சி, தெம்பே மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 500 மில்லிகிராம் தரும். மீதிக்குத் தயிர், கெட்டித் தௌஹு, முள்ளோடு தின்னும் நெத்திலி. இருட்டில் தொழிற்சாலைப் பேருந்து ஏறி இருட்டியபின் திரும்புகிறவர்களுக்கு வைட்டமின் டி குறையலாம். அது இல்லாமல் இந்தக் கால்சியம் சரியாகச் சேராது. கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

மருந்து சாப்பிடுகிறவர்கள்

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றும். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஐசோஃபிளேவோன் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, சோயாவையும் கால்சிய மாத்திரையையும் நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள்.