இடது சீட்: வரிசையில் நிற்பதா, வெளியே போவதா?

கமாண்டுக்கு, அதாவது கோ-பைலட்டிலிருந்து கேப்டனாகி இடது சீட்டுக்கு மாற, என் முறை வந்துவிடும் என்று நான் நம்பியிருந்த ஆண்டில், எங்கள் விமானக் கம்பெனி வெளியிலிருந்து பதினான்கு கேப்டன்களை எடுத்தது. அவர்களில் ஒருவரோடு மறுவாரமே ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) என்னைப் போட்டார்கள். தங்கமான மனிதர். செக்லிஸ்ட் தவிர நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து ஆண்டு கழித்து வேறொரு கம்பெனியில், அப்படி வெளியிலிருந்து வந்து இறங்கும் கேப்டனாக நானே போனேன். இரண்டு பக்கமும் பட்டவன் என்பதால், கோ-பைலட்டாக வலது சீட்டில் உட்கார்ந்து ‘இருப்பதா, போவதா’ என்று கணக்குப் போடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு மயக்கம் தெளியட்டும். வெளியே போனால் உடனே கேப்டன் ஆகலாம் என்று கோ-பைலட்டுகள் பேசிக்கொள்வார்கள். வெளியாட்களைக் கேப்டனாக எடுக்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை, அதே ரக விமானத்தில் ஏற்கெனவே கேப்டனாகப் பறந்த மணி நேரம்தான் கேட்கும். 500 என்பது விளம்பரங்களில் அடிக்கடி வரும் எண். கோ-பைலட்டாகப் பத்தாயிரம் மணி பறந்திருந்தாலும் அந்தக் கட்டம் காலிதான். ‘கோ-பைலட்டாகச் சேருங்கள், சீக்கிரம் கமாண்ட் தருகிறோம்’ என்று ஆசை காட்டுகிற இடங்கள் உண்டு. அது எழுத்தில் இல்லாவிட்டால் வெறும் பேச்சு. ஆக, முதல் கமாண்டை இருக்கும் இடத்தில் வாங்குவதுதான் பெரும்பாலோருக்கு நடைமுறை வழி. வெளியே போவது அதற்கு அடுத்த கதை.

சரி, இருக்கும் இடத்தில் எப்போது கிடைக்கும்? சீனியாரிட்டி லிஸ்ட்டில் உங்களுக்கு மேலே எத்தனை பேர் என்று எண்ணுவது பாதிக் கணக்கு. அவர்கள் எந்த ஆண்டில் ஓய்வு பெறுகிறார்கள் என்பதுதான் மீதி. இந்தக் கணக்கை விதி ஒரே நாளில் புரட்டிப் போடும். 2006 நவம்பரில் பைலட்டுகளுக்கான சர்வதேச வயது வரம்பு 60-லிருந்து 65-க்குப் போனது. அமெரிக்காவில் அது 2007 டிசம்பரில் சட்டமானது. மேலே இருந்தவர்கள் ஐந்து ஆண்டு கூடுதலாக உட்கார்ந்தார்கள். கீழே இருந்தவர்கள் காத்திருந்தார்கள். அப்புறம் விமான ஆர்டரைப் பாருங்கள். குறுகிய உடல் விமானம் (நடுவில் ஒரே நடைபாதை உள்ளது) ஒன்றுக்கு நாலைந்து கேப்டன்களாவது வேண்டும். வரப்போகிற விமானங்களை அதால் பெருக்கி, பழசாகி வெளியேறுபவற்றைக் கழித்தால், நிர்வாகம் கூட்டத்தில் சொல்லும் எண்ணை விட நம்பகமான எண் கிடைக்கும்.

வெளியாட்களை ஏன் எடுக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அன்று எனக்குப் புரியவில்லை, துரோகம் என்றே நினைத்தேன். ஒரு கோ-பைலட்டைக் கேப்டன் ஆக்கினால் பயிற்சி இரண்டு பேருக்கு: அவருக்கு ஒன்று, அவர் விட்டுப்போன வலது சீட்டுக்கு வருபவருக்கு ஒன்று. பயிற்சி தரும் கேப்டன்களோ எங்கும் பற்றாக்குறை. விமானங்கள் மளமளவென்று வந்து இறங்கும்போது, அனுபவசாலியை வெளியிலிருந்து எடுப்பது நிர்வாகத்துக்குச் சுலபம். இதை நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் காரணம் தெரிந்தால் கேட்க வேண்டிய கேள்வி தெரியும்: தகுதியான ஆள் உள்ளே இருக்கும்போது வெளியாளை எடுக்கலாமா, எடுத்தால் லிஸ்ட்டில் அவர் எங்கே நிற்பார் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?

ஒருவழியாக என்னைக் கமாண்ட் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். ஃபெயில் ஆனேன்.

சிமுலேட்டரில் புறப்பாட்டின்போது எஞ்சின் தீ. கையால் பிடித்து நேராக ஓட்டினேன், தீயை அணைத்தோம், ரேடியோவில் நானே பேசினேன், கேபினை நானே கூப்பிட்டேன், எங்கே திரும்புவது என்றும் நானே முடிவெடுத்தேன். எல்லாம் சரியாக நடந்ததாகத்தான் நினைப்பு. இறங்கியதும் பரிசோதகர் காபியைக் கலக்கிக்கொண்டே, “ஓட்டினது நல்லா இருந்தது. பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் எதுக்கு?” என்றார். அவர் எதற்கு என்று எனக்குப் பதில் இல்லை. 1977-இல் டெனெரிஃபேயில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று காக்பிட்டில் ஃபிளைட் எஞ்சினியர் கேட்டார்; கேப்டன் உறுதியாக ஆமாம் என்றுவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார். அதை நான் வகுப்பில் மனப்பாடமாகப் படித்தவன். சிமுலேட்டரில் அதே ஆளாக உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வாய்ப்பு. அந்த இடைவெளியில் செய்ததைத்தான் உங்களுக்கும் சொல்வேன். ஒவ்வொரு பறப்பிலும் கேப்டன் முடிவைச் சொல்வதற்கு முன், என் முடிவை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்தேன்: எவ்வளவு கூடுதல் எரிபொருள், எந்த மாற்று விமான நிலையம், எரிபொருள் எந்த அளவுக்கு வந்தால் வானில் காத்திருப்பதை விட்டுவிட்டுத் திரும்புவது. ஜெட்டுக்குக் கடைசி இருப்பு 30 நிமிட எரிபொருள். அதற்குக் கீழே போய்த்தான் இறங்க முடியும் என்று தெரிந்த கணமே மேடே (அபாய அழைப்பு) சொல்ல வேண்டும். திரும்பும் அளவை மேலே வட்டமடிக்கும்போது யோசிக்கக் கூடாது, தரையிலேயே எழுதிவிட வேண்டும். பல நாள் என் எண்ணும் கேப்டனின் எண்ணும் ஒத்துப்போகவில்லை. ஏன் என்று கேட்டதுதான் உண்மையான பயிற்சி. கைப்பழக்கம் தனிக் கதை: ஏர்பஸ்ஸில் விமானத்தை ஓட்டும் கைப்பிடியான சைட்ஸ்டிக் இடது கைக்கு மாறும், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் வலது கைக்கு வரும். பத்து செக்டாரில் (ஒரு புறப்பாடு முதல் இறங்குவது வரை ஒரு செக்டார்) அது பழகிவிடும். தரையில் முன்சக்கரத்தைத் திருப்பும் டில்லரைச் சுழற்றும்போது விமானம் தலையாட்டாமல் போவதற்கு எனக்கு அதைவிட நாளானது.

கமாண்ட் கிடைத்து, மணி நேரமும் சேர்ந்து, வெளியே போக மனம் வந்தால், சம்பளப் பக்கத்தைக் கடைசியில் படியுங்கள். நான் முதலில் படித்தேன். மாதத் தொகை கண்ணைப் பறித்தது. பறந்த நேரத்துக்குத்தான் பணம் என்பதும், அந்த நேரம் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து வந்து நிற்கும் வரைதான் என்பதும் தெரிந்த விஷயமே. கட்டாயம் தருவதாக எழுதிய குறைந்தபட்ச மணி எவ்வளவு என்பதை மட்டும் பார்க்காமல் விட்டேன். பயணிகள் குறைந்த மாதத்தில் அதுதான் முழுச் சம்பளம். செக்டார்களுக்கு நடுவே விமான நிலையத்தில் உட்காரும் மூன்று மணி நேரம் சம்பளக் கணக்கில் வராது.

ரோஸ்டரை உண்மையில் பார்க்க வேண்டுமானால், அங்கே பறக்கும் ஒருவரின் போன மாத ரோஸ்டரைக் கேளுங்கள். சட்ட வரம்பைக் காட்டினால் மயங்காதீர்கள். ஐரோப்பிய விதியில் 28 நாளில் 100 மணி, காலண்டர் ஆண்டில் 900. அது உச்சவரம்பு, அதையே இலக்காக வைத்து ரோஸ்டர் போடும் இடங்கள் உண்டு. மணி நேரத்தை விட ஆளைக் கொல்வது நேரம் மாறுவது: இன்று விடியற்காலை மூன்று மணிக்கு ரிப்போர்ட்டிங், நாளை மறுநாள் இரவுப் பறப்பு. ஸ்டாண்ட்பை வீட்டிலா, விமான நிலையத்திலா, கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வர வேண்டும், களைப்பாக இருக்கிறது என்று பறக்க மறுத்தவருக்கு என்ன நடந்தது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பறப்பவரிடம் தனியாகக் கேளுங்கள். சொல்வதற்கு முன் அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டும் ஒப்பந்தம்) இருந்தால், மாதாமாதம் தொகை குறையுமா, கம்பெனியே வேலையை விட்டு அனுப்பினாலும் கட்ட வேண்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். சீனியாரிட்டி பார்க்கும் கம்பெனியில், கேப்டனின் நான்கு பட்டையோடு போனாலும் லீவுக்கும் பேஸ் (பணி தொடங்கும் ஊர்) மாறுவதற்கும் நீங்கள் கடைசி ஆள்தான். ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் வந்தவர்தான் முதலில் வெளியே. கிளம்பும் முன் குடும்பத்திடம் இதை நான் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

புதிய இடத்தில் லைன் டிரெய்னிங் (பயணிகளோடு பறந்தபடியே நடக்கும் பயிற்சி) முடிந்து முதல் வாரம். வலது சீட்டில் இருந்த பையன் செக்லிஸ்ட் தவிர எதுவும் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் நன்றாகத் தெரியும். “லிஸ்ட்ல எத்தனாவது?” என்று கேட்டேன். சொன்னார். “நான் உங்களுக்கு முன்னாடி வந்து உட்கார்ந்துட்டேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த செக்டாரை அவரையே ஓட்டச் சொல்லிவிட்டு, எரிபொருள் எவ்வளவு போடலாம் என்று முதலில் அவரைக் கேட்டேன்.