பழைய சி70 ஒழுகுது, கிளம்பவும் மாட்டேங்குது: எங்கே கை வைப்பது?

எங்கள் வரிசை வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் யாராவது ஒருவர் காப்சாயை (சின்ன மோட்டார் சைக்கிளை) தள்ளிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். நான் போர்மேன் (மெக்கானிக்) இல்லை. அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய காலத்தில் ஓட்டிய ஹோண்டா சி70 இன்னும் என்னிடம் ஓடுகிறது, அந்த ஒரு தகுதிதான். பால் டின் மாட்டிய கொக்கியின் தழும்பு இன்னும் அதன் கேரியரில் இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. மலேசியாவில், சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற ஊர்ப்பெயர்கூட 2007-ல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. மோட்டார் மட்டும் அப்படியே இருக்கிறது.

வருகிறவர்கள் சொல்வது இரண்டே புகார். "அண்ணே, எண்ணெய் ஒழுகுது" (அவர்கள் எண்ணெய் என்பது பெட்ரோலைத்தான்). இல்லையென்றால், "அண்ணே, கால் வலிக்குது, கிளம்ப மாட்டேங்குது." பல நேரம் இரண்டும் ஒரே கோளாறுதான். இதுவரை ஸ்பானர் பிடிக்காதவர்களும் செய்து பார்க்கிற மாதிரி, நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். சி70-ஐ வைத்துச் சொன்னாலும், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய காப்சாய் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் நான் ஏமாந்த கதை. சில வருஷத்துக்கு முன் என் வண்டியில் கார்புரேட்டருக்கு அடியில் சொட்டியது. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை, "காப் (கார்புரேட்டர்) போச்சு, மாத்தணும்" என்றார்கள். எழுபது வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் புதிது மாட்டினேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே ஈரம். உண்மையில் ஒழுகியது டேங்கிலிருந்து இறங்கும் ரப்பர் குழாயின் மேல்முனை. வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. பெட்ரோல் குழாயின் வெளிப்பக்கமாகவே வழிந்து, கார்புரேட்டரைச் சுற்றி, அடியில் வந்து சொட்டியிருக்கிறது. மூன்று வெள்ளிக் குழாய். சொட்டுகிற இடமும் ஒழுகுகிற இடமும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கை வைப்பதற்கு முன்

வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். ஐந்தாங்காலில் (வீட்டு முகப்பில்) வண்டியைப் பிரித்துப்போட்டுவிட்டு, உள்ளே சாமி மாடத்தில் விளக்கு எரிகிறதே என்று பிறகு யோசிப்பதில் பிரயோசனமில்லை. சிகரெட் கூடாது. வெளிச்சம் வேண்டுமென்றால் டார்ச் மட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் அதுவே தீயைச் சுமந்துகொண்டு ஓடும்.

சாமான் அதிகம் வேண்டாம். 10 மி.மீ. ஸ்பானர், 16 மி.மீ. பிளக் ஸ்பானர், திருப்புளி இரண்டு (ஒன்று நட்சத்திரம், ஒன்று தட்டை), பழைய துணி, காலி மைலோ டின், நேற்றைய நாளிதழ். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

படி 1: ஈரத்தின் மேல்முனையைத் தேடுங்கள்

பெட்ரோல் டேப்பை மூடுங்கள். சீட்டைத் தூக்கி டேங்க், குழாய், கார்புரேட்டர் எல்லாவற்றையும் நன்றாகத் துடையுங்கள். பழைய கசிவு இருந்த இடத்தில் பழுப்பு மஞ்சளாகக் கறை பிடித்திருக்கும். முதல் தடயம் அதுதான்.

துடைத்த இடம் காய்ந்ததும் முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். நான் ஒருநாள் பவுடர் கிடைக்காமல் திருநீற்றைத் தூவி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஆனால் வேலை நடந்தது. வெள்ளைப் பூச்சில் பெட்ரோல் பட்டதும் ஈரக்கோடு ஒன்று இறங்கும். கோடு எங்கே முடிகிறது என்று பார்க்காதீர்கள். விரலால் மேலே தொடர்ந்து போய், எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஒழுக்கு அங்கேதான்.

அடியில் நாளிதழை விரித்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

படி 2: டேப் மூடியிருந்தும் ஒழுகினால்

சி70-ல் பெட்ரோல் டேப் டேங்கில் இல்லை, கார்புரேட்டரோடு சேர்ந்தே இருக்கிறது. டேங்கிலிருந்து இரண்டு குழாய் இறங்கும்: ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, மற்றது ரிசர்வுக்கு. டேப்பை மூடினாலும் இந்த இரண்டிலும் எப்போதும் பெட்ரோல் நிற்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டேப் மூடியும் ஒழுகினால் டேங்க், குழாய், டேப் இந்த மூன்றில் ஒன்றுதான். கார்புரேட்டர் உள்ளே பிரிக்கவே வேண்டாம்.

குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். மேல்தோலில் மயிர்க்கோடு போல் வெடிப்பு தெரிந்தாலோ, பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தாலோ இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்று போனால் மற்றதும் அதே வயசுதான். பெட்ரோலுக்கென்று விற்கிற குழாயாக இருக்க வேண்டும். மீன்தொட்டிக் குழாயை மாட்டிவிட்டு ஒரு மாதத்தில் கல்லாகிவிட்டது என்று வந்தவர்கள் உண்டு.

டேப்புக்கு அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று திருகியிருக்கும். தூசி, தண்ணீர் தங்குவதற்கு. அதன் ஓ ரிங் தட்டையாகிப்போனால் அங்கே சொட்டும். இரண்டு குழாயையும் கிளிப்பால் நசுக்கி மூடிவிட்டுக் கிண்ணத்தைக் கழற்றுங்கள், உள்ளே இருக்கும் சல்லடையையும் கழுவுங்கள். செம்மண் ரோட்டில் ஓடும் வண்டிகளில் இந்தக் கிண்ணத்தின் அடியில் கருவாட்டுக் குழம்பு நிறத்தில் ஒரு படிவம் இருக்கும். அதில் பாதி டேங்கின் துரு.

படி 3: டேப் திறந்தால்தான் ஒழுகுகிறதா?

அப்படியென்றால் கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவையும் ஊசியும். கழிப்பறைத் தொட்டியில் மிதவை எழும்பித் தண்ணீரை நிறுத்துகிறதே, அதே வேலைதான். மிதவை இருக்கும் கார்புரேட்டர் கிண்ணத்தில் (டேப்புக்கு அடியிலுள்ள சின்னக் கிண்ணம் இல்லை) பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழும்பி ஊசியைத் துவாரத்தில் அழுத்தும், வரத்து நிற்கும். நிற்கவில்லையென்றால் பெட்ரோல் நிறைந்து வழியும்.

பிரிப்பதற்கு முன், திருப்புளிப் பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். ஊசியில் ஒரு துகள் சிக்கியிருந்தால் சிலசமயம் அதிலேயே விழுந்துவிடும். விழுந்தாலும் அது தற்காலிகம்தான். துகள் வந்த இடத்தில் இன்னும் நிறைய இருக்கும்.

நிற்கவில்லையென்றால் டேப்பை மூடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். அடியில் மைலோ டின்னைப் பிடித்துக்கொண்டு டேப்பைத் திறங்கள். பெட்ரோல் கொட்டும். இப்போது மிதவையை ஒரு விரலால் மெல்ல மேலே தூக்குங்கள். அழுத்தக் கூடாது, முட்டையைத் தூக்குகிற மாதிரி. ஒழுக்கு சட்டென்று நிற்க வேண்டும். நின்றால் ஊசி நல்லது, மிதவையைச் சந்தேகியுங்கள். நிற்காமல் கசிந்தால் ஊசி. டேப்பை மூடி, ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கூம்பு முனையில் மோதிரம் போல் ஒரு தடம் விழுந்திருக்கும். உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள், நான் தேய்த்துப் பார்த்துவிட்டேன். புதுசு போடுங்கள்.

மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சலசலவென்று கேட்டால் அதில் ஓட்டை, உள்ளே பெட்ரோல் புகுந்துவிட்டது. அது மிதக்காது, மாற்றத்தான் வேண்டும்.

இரவெல்லாம் இப்படி வழிந்த வண்டியில் இன்ஜின் எண்ணெய் அளக்கும் குச்சியையும் உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் கார்புரேட்டர் வழியாக இன்ஜினுக்குள்ளும் இறங்கியிருக்கலாம். இன்ஜின் எண்ணெய் தண்ணீராகி, பெட்ரோல் வாடை அடித்தால் கிக் அடிக்காதீர்கள். எண்ணெயை மாற்றிவிட்டு அப்புறம் கிளப்புங்கள்.

படி 4: ஒழுக்கு நின்றது, வண்டி கிளம்பவில்லை

கிளம்புவதற்கு மூன்று வேண்டும்: பெட்ரோல், நெருப்பு, அழுத்தம். எடுத்த எடுப்பில் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தருவது) மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள்.

பிளக்கைக் கழற்றுங்கள். பத்துப்பதினைந்து கிக் அடித்த பிறகும் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை.

*காய்ந்திருந்தால்:* கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தி டின்னில் பிடியுங்கள். முதலில் கொட்டிவிட்டுப் பிறகு நூலாக மெலிந்தால் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று சத்தம் கேட்டு ஓட்டம் பிடித்துக்கொண்டால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வெளியே வராது. "கடை வரைக்கும் போகுது, அங்கே செத்துப்போகுது, கொஞ்ச நேரம் நின்னா மறுபடி கிளம்புது" என்கிற வண்டிகளில் நான் முதலில் திறப்பது மூடியைத்தான்.

பெட்ரோல் நன்றாகக் கொட்டியும் சோக் (காற்றைக் குறைக்கும் அடைப்பு) போட்டால் மட்டும் ஓடி, சோக்கை எடுத்ததும் நின்றால் மெதுவோட்ட ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளைத் திருகு) அடைத்திருக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு இது சளி பிடிக்கிற மாதிரி. ஜெட்டைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனர் அடியுங்கள். வானத்தைப் பார்த்துப் பிடித்தால் துளை வட்டமாக வெளிச்சம் காட்ட வேண்டும். குத்தித்தான் ஆகவேண்டுமென்றால் தங்கூசி நரம்பு (மீன்தூண்டில் நைலான் நூல்). தையல் ஊசி வேண்டாம், துளை பெரிதானால் வண்டி பெட்ரோல் குடிக்க ஆரம்பித்துவிடும்.

*நனைந்திருந்தால்:* பிளக்கைத் துடைத்து ஒயர் நுனியிலுள்ள பிளக் மூடியில் மாட்டி, அதன் உலோகப் பகுதி இன்ஜினைத் தொடுமாறு வையுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளியே இருக்கட்டும், அதிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். சிந்தியதையும் துடைத்துவிடுங்கள். சாவியைப் போட்டுக் கிக் அடித்தால் நீலமாகச் சுளீரென்று பொறி பறக்க வேண்டும். மஞ்சளாக நோஞ்சானாக வந்தாலோ, வராவிட்டாலோ முதலில் வேறு பிளக். இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. அடுத்தது பிளக் மூடி. அதைத் திருகிக் கழற்றி, ஒயர் நுனியில் பச்சை பூத்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். மழைக்காலத்தில் பாதி வண்டி இதிலேயே கிளம்பிவிடும்.

அதற்கும் வராவிட்டால்தான் பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் தொடுமுனை). கிக் அடித்துக் கிளப்புகிற 6 வோல்ட் சி70-க்கு நெருப்பு மேக்னெட்டிலிருந்து (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) நேராக வருகிறது. பேட்டரி செத்திருந்தாலும் கிளம்பும், அதனால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மேக்னெட் சக்கரத்தின் ஜன்னல் வழியாகப் பாயிண்டைப் பார்க்கலாம். நன்றாகத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. கருத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளை இடையில் விட்டு இழுத்து, பிறகு சுத்தமான தாளால் துடையுங்கள். தூள் அங்கேயே தங்கினால் மறுபடி நெருப்பு வராது.

பொறி நன்றாக இருந்தும் நனைந்தே இருக்கிறதென்றால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. பிளக் இல்லாமல், சாவியை அணைத்துவிட்டு, திராட்டலை முழுக்க முறுக்கிப் பத்து கிக். பிறகு காய்ந்த பிளக்கைப் போட்டு, சோக் இல்லாமல் கிளப்புங்கள்.

அழுத்தத்துக்குப் பிளக் துளையில் கட்டைவிரல். கிக் அடிக்கும்போது விரலைத் தூக்கி எறிய வேண்டும். "ஃபூ" என்று மட்டும் வந்தால் வால்வு இடைவெளியைப் பார்க்கவேண்டும். ஆறிய இன்ஜினில் இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. அது சரியாக இருந்தும் அழுத்தம் இல்லையென்றால் ரிங், வால்வு வேலை. அதை இன்ஜினைப் பிரிக்கத் தெரிந்த போர்மேனிடம் விடுங்கள். நானும் விட்டுவிடுவேன்.

கடைசியாக

எல்லாம் மாட்டியதும் டேப்பைத் திறந்துவைத்து, அடியில் புது நாளிதழை விரித்து அரைமணி நேரம் பாருங்கள். அன்று இரவு டேப்பை மூடி, வெளியிலேயே நிறுத்தி, இன்னொரு தாளை விரித்துவிட்டுப் படுங்கள். பெட்ரோல் விடிவதற்குள் காய்ந்துவிடும், ஆனால் சொட்டிய இடத்தில் தாள் சுருங்கி, ஓரத்தில் மஞ்சள் வளையம் நிற்கும். வளையம் தெரிந்தால் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு முதல் படிக்கே வாருங்கள்.