மிக்சர் ஸ்க்ரூவைத் திருகும் முன்: எலக்ட்ரானிக் கார்புரேட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திக்குகிறது. பழைய காரில் இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னாலே தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் பல பட்டறைகளில் ஸ்க்ரூடிரைவர் நேராக, பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவுக்குப் போகிறது. சாதாரண கார்புரேட்டர் என்றால் அதில் பாதி நியாயம் உண்டு. எலக்ட்ரானிக் கார்புரேட்டரில் அது பெரும்பாலும் வேண்டாத வேலை. சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகையைப் பார்த்துச் சொல்ல, ஈசியூ என்னும் கன்ட்ரோல் பெட்டி ஒரு சோலனாய்டை (கரன்டில் இயங்கும் வால்வு) நொடிக்குப் பல முறை திறந்து மூடி, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்குக்குக் கலவையை இழுத்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஒரு பக்கம் திருகினால் அது மறுபக்கம் இழுக்கும். இழுக்க முடியாத எல்லைக்குத் தள்ளிவிட்டால், பழைய கோளாறோடு புதுசு ஒன்றும் சேரும்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எது என்று பாருங்கள். பழைய மாருதி 800 கார்புரேட்டரில் ஒயரோடு ஒரு சோலனாய்டு இருக்கும். சாவியை அணைத்ததும் ஐட்லிங் பெட்ரோலை அடைப்பதுதான் அதன் வேலை. அதை வைத்து எலக்ட்ரானிக் கார்புரேட்டர் என்று முடிவு கட்டக் கூடாது. பைப்பில் ஆக்சிஜன் சென்சாரும், அதிலிருந்து ஒயர் போகும் ஈசியூவும் இருந்தால்தான் இங்கே சொல்வது பொருந்தும்.

என்னைக் கேட்டால், நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு கார்புரேட்டரிலேயே இல்லை. எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் பிடிக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவதுதான் அது. "சென்னை வெயிலுக்கு இது எதுக்கு சார், ஹீட் ஆகாம ஓடும்" என்பார்கள். ஓடும்தான். ஆனால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வந்த பிறகுதான் ஈசியூ சென்சாரின் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கும். அதுவரை வண்டி குளிரில் இருப்பதாக நினைத்துப் பெட்ரோலைத் தாராளமாக விடும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி, விடியற்காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் காலியாக ஓடினால், அந்தச் சூட்டைத் தொடாமலே போகலாம். பிளக் கரியாகும், மைலேஜ் விழும், பழி கார்புரேட்டர் மேல் விழும்.

இதே கோளாறு, எஞ்சின் சூட்டை ஈசியூவுக்குச் சொல்லும் கூலன்ட் சென்சாரின் கனெக்டர் வழியாகவும் வரும். பல ஜப்பானிய வண்டிகளில் இந்தச் சென்சார் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம் காட்டும், 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கும். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைய வேண்டும். காசிமேட்டுக் கடல் உப்புக் காற்றில் நிற்கும் வண்டியில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்னில் பச்சைப் பூப்பு படிந்திருந்தால் அதுவே கூடுதல் ரெசிஸ்டன்ஸ். எஞ்சின் கொதிக்கும், ஈசியூவுக்கோ அது குளிர்ந்த வண்டி. எர்த் ஒயர் பூட்டியிருக்கும் போல்ட்டையும் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டுங்கள். செலவே இல்லாத வேலை இது.

அடுத்தது, ஆக்சிஜன் சென்சாரைத் தவறாகப் படிப்பது. அதற்குத் தெரிவது புகையில் மிஞ்சிய ஆக்சிஜன் மட்டும். பெட்ரோல் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மேனிஃபோல்டு காஸ்கெட்டோ சென்சாருக்கு முந்தைய பைப்போ துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். ஒரு பிளக் மிஸ் அடித்தால் (பொறி விடாமல் போனால்) எரியாத ஆக்சிஜன் அப்படியே வரும். இரண்டிலும் சென்சார் "லீன்", அதாவது பெட்ரோல் குறைவு, என்றே சொல்லும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். வண்டி கரும்புகை விடும்போது சென்சார் லீன் காட்டினால், கார்புரேட்டரை விட்டுவிட்டு பிளக், பிளக் ஒயர், காஸ்கெட் மூன்றையும் பாருங்கள்.

சென்சாரை மாற்றும் முன் அதைச் சோதிக்கலாம். டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும் போதும். டெஸ்ட் பல்பு வைத்துப் பார்க்கவே கூடாது, அது இழுக்கும் கரன்ட் சென்சாரையும் ஈசியூவையும் கெடுக்கும். எஞ்சினைச் சூடாக்கி 2000 ஆர்பிஎம்மில் பிடித்தால் மீட்டர் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்க வேண்டும். அடியிலேயே நின்றால், கார்புரேட்டர் வாயில் காற்றை அடைக்கும் சோக் பிளேட்டைக் கையால் லேசாக மூடுங்கள். வோல்ட்டேஜ் சட்டென்று 0.8-ஐத் தாண்டினால் சென்சார் நல்லது, கோளாறு வேறு இடம். மேலேயே நின்றால், எஞ்சின் உறிஞ்சும் பக்கம் போகும் ஒரு வாக்குவம் ஹோஸைப் பிடுங்குங்கள், இறங்க வேண்டும். எதற்கும் அசையாவிட்டால்தான் புது சென்சார். அதைப் புதுப்பேட்டையில் பழசாக வாங்காதீர்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு உள்ளே ஹீட்டர் கிடையாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நெடுநேரம் ஐட்லிங்கில் நின்றால் சில வண்டிகளில் அது ஆறிப்போய் வேலையை நிறுத்தும். அப்போது வரும் நாற்றத்தைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காற்றுக் கசிவைத் தேட, ஓடும் எஞ்சினில் பெட்ரோல் தெளிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தீப்பிடிக்கும். ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி மூடினால் ஐட்லிங் மாறுவதே போதுமான அடையாளம். நெருக்கமான சந்தில், கதவு மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு இதைச் செய்யவும் வேண்டாம்.

பியூசி என்னும் புகைச் சோதனையில் பாஸ் ஆவதற்காக ஸ்க்ரூவை இறுக்கிவிடுவது இன்னொரு வழக்கம். அந்தச் சோதனைச் சீட்டிலேயே விடை இருக்கிறது. சிஓ (கார்பன் மோனாக்சைடு) அதிகமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். சிஓ குறைந்து ஹெச்சி (எரியாத பெட்ரோல்) மட்டும் ஏறியிருந்தால் மிஸ் அடிக்கிறது அல்லது கலவை மிக லீன்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்குக் காற்று கொஞ்சம் குறைவாகவே வேண்டும். எஞ்சின் சூடானதும் ஈசியூ தன்னால் முடிந்தவரை சரிசெய்யும். காலைக் குளிரில் மட்டும் திக்கினால் அதற்காக ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) பெரிதாக்காதீர்கள். பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறி இளகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இவ்வளவும் முடிந்து, ஃப்ளோட் லெவலும் (கார்புரேட்டருக்குள் நிற்கும் பெட்ரோல் மட்டம்) சரி என்றான பிறகு ஸ்க்ரூவுக்கு வரலாம். இடத்தை மாற்றும் முன், மெதுவாக உள்ளே போய் நிற்கும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு, பழைய இடத்துக்கே திருப்புங்கள். சோலனாய்டு ஒயரில் மீட்டரை வைத்து, அது பாதி நேரம் திறந்தும் பாதி நேரம் மூடியும் இருக்கும் இடம்வரை மட்டும் நகர்த்துங்கள்.