கந்தோரிலும் சந்தியிலும் வேதக்காரர் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். அந்தப் பெயரோடு கந்தோருக்கும் சந்தைக்கும் போகிற நாங்கள் விடுகிற பெரிய பிழை, காட்ட வேண்டியதை மறைத்து, மறைக்க வேண்டியதைக் காட்டுவது. மலைப்பிரசங்கத்தில் ஊர் காணும்படி பிரகாசிக்கச் சொன்னது நற்கிரியைகள் (மத்தேயு 5:16). சந்தியில் நின்று ஜெபிக்கிறவர்களைப் போல் இருக்க வேண்டாம் என்று அடுத்த அதிகாரத்திலேயே இயேசு சொல்கிறார். நாங்களோ ஜெபத்துக்கு ஒலிபெருக்கி கட்டுகிறோம். கந்தோரில் கோப்பு நகர 'தெரிந்த ஆளை'ப் பிடிக்கிறோம்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பக்கத்து மேசை அண்ணை மோதகம் கொண்டு வருவார். எனக்குத் தெரிந்த ஒருவர் அதைக் கண்டதும் விக்கிரக ஆராதனையைப் பற்றி அரை மணி நேரம் கதைத்தார். விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் சாப்பிட வேண்டாம் என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 10:28). சரி, ஆனால் பிரசங்கம் செய்யச் சொல்லவில்லையே. "நான் எடுக்கிறதில்லை அண்ணை, குறை நினைக்காதேங்கோ" போதும். நத்தாருக்கு நீங்கள் கேக் கொண்டு போனால் அவர் வாங்கத்தான் போகிறார்.

நிவாரணப் பொதிக்குள் துண்டுப்பிரசுரம் வைப்பது இன்னொன்று. பசியில் நிற்கிறவர் சொல்லும் 'ஆமென்' யாருக்கு? 1847இல் இலங்கைக்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவரும் மிஷனறிதான், அதை ஒளிக்கவுமில்லை. ஊர் அவரை நினைப்பது அந்த வைத்தியத்துக்காக.

அப்புறம் சட்டம். இந்தியக் காணொளிகளைப் பார்த்துவிட்டு "மதச்சார்பற்ற நாடு, மதத்தைப் பரப்ப உரிமை உண்டு" என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'பரப்புதல்' என்ற சொல் இந்திய அரசியலமைப்பின் 25ஆம் உறுப்புரையில்தான் இருக்கிறது. எங்கள் இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது; 14ஆம் உறுப்புரை வழிபடவும், கடைப்பிடிக்கவும், போதிக்கவும் இடம் தருகிறது. பரப்புவது அடிப்படை உரிமை அல்ல என்று 2003இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது எனக்கும் உவப்பில்லை, ஆனால் தெரியாமல் வாய்விடக் கூடாது.

இதற்கெல்லாம் பயந்து வேதக்காரர் என்பதையே மறைப்பதும் பிழைதான். சைவர்கள் பெரும்பான்மையாக வாழும் காங்கேசன்துறைத் தொகுதியில் பலமுறை வென்ற தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வநாயகம் கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்தார். அது தெரிந்துதான் சனம் வாக்குப் போட்டது.