ஃப்ரெண்டுக்கு பிசிக்ஸ் கணக்கு சொல்லிக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரீட்சை நெருங்குற நேரத்துல நாலு பேர் சேர்ந்து உக்காந்து கஷ்டமான பிசிக்ஸ் கணக்கா எடுத்துப் போடுறது ரொம்ப நல்ல பழக்கம், நான் மெக்கானிக்ஸ்ல தேறினதே அப்படித்தான். ஆனா ராத்திரி பூரா கூட உக்காந்து எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு மறுநாள் அதே கணக்கைத் தனியா போடச் சொன்னா கை ஓடாம நின்னவங்களையும் பாத்திருக்கேன். அவங்களுக்கு மூளை இல்லாம இல்ல, நாம உதவி பண்ண விதம் சரியில்ல.

பெரிய தப்பு, கேட்ட உடனே பேனாவைப் பிடுங்கி முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுறது. நாம எழுதுற ஒவ்வொரு வரியும் அவனுக்குப் புரியும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த முதல் வரி நமக்கு எப்படித் தோணுச்சுங்கறதுதான் அவனுக்குத் தெரியாது, அவன் மாட்டிக்கிட்டதே அங்கதான். அதனால முதல்ல "நீ இதுவரைக்கும் என்ன போட்டிருக்க, காட்டு"ன்னு கேளுங்க. பேனா அவன் கைலயே இருக்கட்டும்.

ஒரு கணக்கை வச்சே சொல்றேன். 5 கிலோ பிளாக், சமமான தரை, ஸ்டாட்டிக் ஃப்ரிக்‌ஷனுக்கு மியூ (உராய்வுக் குணகம்) 0.4, பக்கவாட்டுல 10 நியூட்டன் விசையால தள்ளுறோம், ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) மதிப்பு 10, உராய்வு எவ்வளவு? ஃப்ரெண்டு மியூ இன்டூ 'என்' (தரை பிளாக்கை மேல தாங்குற விசை, இங்க 50 நியூட்டன்) போட்டு 20 நியூட்டன்னு எழுதிருக்கான். "தப்புடா, 10 தான்"னு சொன்னீங்கன்னா அவன் அழிச்சிட்டு 10னு எழுதிப்பான், அவ்வளவுதான், அடுத்த கணக்குல திரும்பவும் இதே தப்பு வரும். அதுக்குப் பதிலா "சரி, 20னே வச்சுக்கோ, இப்போ நெட் ஃபோர்ஸ் சொல்லு"ன்னு கேட்டுப் பாருங்க. முன்னாடி 10, பின்னாடி 20, அப்போ சும்மா கிடந்த பிளாக் தள்ளுறவன் மேலயே 2 மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர் முடுக்கத்தோட வரணும். இதை அவன் வாயாலயே சொல்லிட்டு ஒரு நிமிஷம் பேசாம இருப்பான் பாருங்க, அந்த நிமிஷத்துல குறுக்க பேசாதீங்க. மியூ என்ங்கறது உராய்வு போகக்கூடிய உச்ச அளவு மட்டும்தான், எப்பவும் அவ்வளவு இருக்கணும்னு இல்லன்னு அவனே கண்டுபிடிப்பான், அதுக்கப்புறம் மறக்கவே மாட்டான்.

அடுத்தது கேள்வி கேக்குறவங்க பண்ற தப்பு. கேள்வியைப் பாதியா சொல்றது. "கெபாசிட்டர்ல டைஎலக்ட்ரிக் வச்சா எனர்ஜி கூடுமா குறையுமா"ன்னு ஒருத்தி கேட்டா, ரெண்டு பேர் கூடும்னும் குறையும்னும் அரை மணி நேரம் சண்டை போட்டாங்க, கடைசில பாத்தா ரெண்டு பேர் சொன்னதும் சரி. பேட்டரி இணைச்சே இருந்தா வோல்டேஜ் மாறாது, சார்ஜ் கே மடங்கு ஆகும் (கேங்கறது டைஎலக்ட்ரிக், அதாவது தகடுகளுக்கு நடுவுல வைக்குற மின்கடத்தாப் பொருளோட மாறிலி), எனர்ஜியும் கே மடங்கு கூடும். பேட்டரியைக் கழட்டிட்டு வச்சா சார்ஜ் மாறாது, வோல்டேஜ் கேல ஒரு பங்கா இறங்கும், எனர்ஜியும் அப்படியே இறங்கும். கேள்வித்தாள்ல "பேட்டரி நீக்கப்பட்ட பின்"னு மூணு வார்த்தை இருந்திருக்கு, அவ அதை விட்டுட்டா. வழவழப்பான தரை, எடையில்லாத கயிறு, ஓய்வு நிலையிலிருந்து, இந்த மாதிரி வார்த்தை ஒவ்வொண்ணும் ஒரு சமன்பாடு மாதிரி, அதனால கேள்வியை அப்படியே வார்த்தை மாறாம படிங்க, படம் இருந்தா படத்தையும் காட்டுங்க.

"இதுக்கு எந்த ஃபார்முலா போடணும்"னு கேட்டா ஃபார்முலாவை மட்டும் தூக்கிக் கொடுக்குறதும் தப்பு. 10 கிராம் குண்டு 400 மீட்டர் பர் செகண்ட்ல வந்து, தொங்குற 1.99 கிலோ மரக்கட்டைல பாஞ்சு உள்ளேயே தங்கிடுது, கட்டை எவ்வளவு உயரம் போகும்? "எனர்ஜி கன்சர்வேஷன் போடு"ன்னு பொத்தாம்பொதுவா சொல்லிட்டா அவன் குண்டோட 800 ஜூலை அப்படியே உயரத்தால வர்ற நிலை ஆற்றலான எம்ஜிஹெச்சுக்கு சமமா வச்சு 40 மீட்டர்னு கொண்டு வருவான். உண்மையான விடை 20 சென்டிமீட்டர். மோதல் நடக்கும்போது உந்தம்தான் மாறாம இருக்கும், அதுல வேகம் 2 மீட்டர் பர் செகண்ட் வருது, மோதினதுக்கு அப்புறம் இருக்குற இயக்க ஆற்றல் வெறும் 4 ஜூல், மீதி 796 ஜூலும் வெப்பமாவும் மரத்தைத் துளைக்குறதுலயும் போயிடுச்சு. மேல ஏறும்போது மட்டும்தான் எனர்ஜி கன்சர்வேஷன். எந்த ஃபார்முலாங்கறதை விட அது எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும் செல்லும்ங்கறதைச் சொல்லிக் கொடுங்க. வேகத்துக்குப் போடுற வி ஈக்வல் டு யு ப்ளஸ் ஏடியும் இதே கதைதான், முடுக்கம் மாறிக்கிட்டே இருந்தா அது செல்லாது.

லென்ஸ் கணக்குல இன்னொண்ணு கவனிங்க, ரெண்டு பேர் ரெண்டு விதமான சைன் கன்வென்ஷன்ல (எந்த தூரத்துக்கு ப்ளஸ், எதுக்கு மைனஸ்ங்கற முறை) படிச்சிருப்பீங்க. ஒருத்தரோட சூத்திரத்துல இன்னொருத்தரோட குறியைப் போட்டா, குவிதூரம் 20 சென்டிமீட்டர் உள்ள குவிலென்ஸுக்கு முன்னாடி 30 சென்டிமீட்டர்ல பொருளை வச்சப்போ 60ல வர வேண்டிய பிம்பம் 12ல வந்து நிக்கும். எது உங்க முறைன்னு பேசிட்டு ஆரம்பிங்க, பாதி வழில மாத்தாதீங்க.

விடைப் பக்கத்தைப் பாத்து ஆன்சர் ஒத்துப்போனா உடனே டிக் அடிக்கிறதும் ஆபத்து. ரெண்டு தப்பு ஒண்ணையொண்ணு அடிச்சிக்கிட்டு சரியான விடை வர்றது சகஜம், விடைப் பக்கத்துலயே அச்சுப்பிழை இருக்கறதும் உண்டு. அதை விட நல்ல சோதனை நம்ம கைலயே இருக்கு. கப்பில ரெண்டு எடை தொங்குற கணக்குக்கு முடுக்கம் கண்டுபிடிச்சா, ரெண்டு எடையும் சமம்னு வச்சுப் பாருங்க, பூஜ்ஜியம் வரணும், ஒரு பக்கம் எடையே இல்லன்னு வச்சுப் பாருங்க, ஜி வரணும். வரலன்னா திரும்பிப் போங்க.

தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க, அடிச்சு விடாதீங்க. "இது கூடவா தெரியாது"ங்கற வார்த்தையை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, அப்படிக் கேட்டவன் அதுக்கப்புறம் சந்தேகமே கேக்க மாட்டான்.

கணக்கு முடிஞ்சதும் நோட்டை மூடிட்டு எந்திரிச்சுப் போயிடாம, மறுநாள் அதையே கொஞ்சம் மாத்திக் கொடுங்க. அந்தக் குண்டு கட்டைல தங்காம 200 மீட்டர் பர் செகண்ட்ல மறுபக்கம் வெளிய வந்துட்டா கட்டை எவ்வளவு உயரும்? வெத்துத் தாள்ல, உங்க உதவி இல்லாம, கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர்னு அவனே கொண்டு வந்தான்னா அடுத்த பாடத்துக்குப் போகலாம்.