காரைக்குடியில் வீட்டு புரோக்கர் ஏமாற்றிவிட்டாரா? புகார் கொடுப்பது இப்படித்தான்

செக்காலைப் பக்கம் வீடு தேடியபோது ஒரு புரோக்கரிடம் 5,000 ரூபாய் டோக்கன் கொடுத்தேன். அதே வீட்டுக்கு இன்னும் இரண்டு பேரிடம் அவர் டோக்கன் வாங்கியிருந்தது, பால் காய்ச்சப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. பால் செம்போடு வாசலில் நின்ற அம்மாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக நம் ஊருக்கு வருகிறவர்களுக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், யார் மேல் புகார் என்று முடிவு செய்யுங்கள். செட்டிநாட்டில் இதுதான் பெரிய சிக்கல். வீட்டுக்காரர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார், சாவி புரோக்கரிடம் இருக்கும். பழைய வளவு வீடு, அதாவது முற்றம் வைத்த பெரிய பரம்பரை வீடு என்றால் ஒரே வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். ஒருவர் சரி என்றதை வைத்து இரண்டாம் கட்டு எனும் உள்பகுதியை வாடகைக்கு விட்டிருப்பார்கள், இன்னொருவர் வந்து காலி செய்யச் சொல்வார். அதனால் வீட்டு வரி ரசீது யார் பேரில் இருக்கிறது, உங்கள் பணம் யார் கணக்குக்குப் போனது, இந்த இரண்டையும் பாருங்கள். டோக்கனும் கமிஷனும் புரோக்கர் கையில் நின்றிருந்தால் புகார் அவர் மேல். அட்வான்ஸ் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அவரைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது ஆதாரம். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, அவர் அனுப்பிய வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். கையில் காசாகக் கொடுத்திருந்தால், "நேற்று கொடுத்த 5,000 ரூபாய் டோக்கன் கிடைத்ததா?" என்று ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். "ஆமாம்" என்று ஒரு பதில் வந்தால் அதுவே சாட்சி.

அப்புறம் ஒரு கடிதம். நான் எழுதியது நாலே வரி: "இன்ன தேதியில், இன்ன முகவரியிலுள்ள வீட்டுக்காக, என்னிடம் 5,000 ரூபாய் பெற்றீர்கள். அந்த வீடு எனக்குத் தரப்படவில்லை. 15 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தரவும். தவறினால் சட்டப்படி புகார் செய்வேன்." திட்ட வேண்டாம், மிரட்ட வேண்டாம். தபாலில் ஒப்புகையோடு அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

பதில் வரவில்லையா? கமிஷன் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஒரே வீட்டைப் பலருக்குக் காட்டிப் பணம் பறித்திருந்தால் அது மோசடி. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். ஆளே போலி, பணம் ஆன்லைனில் போனது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

குடியேறிய பிறகு வரும் தகராறுக்கு வாடகை அதிகாரி இருக்கிறார், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வீட்டுக்காரரோ அவருக்காக வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. அட்வான்ஸும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் அவசியம்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் என் புரோக்கர் போன் செய்தார். பெரியார் சிலை பக்கம் வரச் சொல்லி, "பணம் வந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், சாயங்காலம் தருகிறேன்" என்றார். நான் எழுதவில்லை. நீங்களும் பணம் கணக்கில் ஏறிய பிறகு எழுதிக் கொடுங்கள்.